மூன்றாவது படம்

— அந்தப் படத்துல பேய் வுழுந்துகீதா சார்? மறைக்காம சொல்லு.

— எந்தப் பேய், சவுரிமுத்துண்ணே? காலங்காத்தால பம்மல்லேர்ந்து ஓடி வந்திருக்கீங்க. முதல்ல உட்காருங்க.

— உக்கார முடில ஃபயாஸ் சாரே. நேத்து சாயங்காலம், நான் வாட்ச்மேனா கீற அந்த மூடிக்கெடக்குற தோல் கம்பெனிய படம் புடிச்ச பாரு? நீ போனதும் கதவப் பூட்டிட்டு கேட்டாண்ட வந்துட்டேன். ராத்திரி உள்ளேர்ந்து டம் டம்முனு தட்டுது!

— பெருச்சாளியா இருக்கும்.

— பெருச்சாளி ‘யோவ் யோவ்’னு கூப்டுமா? சுண்ணாம்புத் தொட்டில வுழுந்து செத்தாளே ஒரு பொம்பள, அவதான். ராவுல கூப்புட்ற கொரலுக்குப் பதில் குடுக்கக் கூடாதுல்ல? காதப் பொத்திகினு ஜெபமால சொல்லிகினே கெடந்தேன். விடியறச்சதான் அடங்குச்சு. நீ படம் புடிச்சுதான் அத்த கெளப்பி வுட்டுட்ட.

— இங்க வாங்க, கம்ப்யூட்டர்ல காட்டறேன். சிம்பிள்ணே. ஒரே இடத்த மூணு தடவ எடுக்கணும். ஒண்ணு இருட்டா, ஒண்ணு சாதாரணமா, ஒண்ணு ரொம்ப வெளிச்சமா. இப்ப மூணையும் சேக்கறேன்...

— மாதாவே! தோ! தூணாண்ட!

— ஆமா... யாரோ நிக்கறாங்க. உடம்பு வழியா தூண் தெரியுது.

— நிறுத்து சார்! அத்த மூடு!

— இருங்கண்ணே. படத்துக்குப் படம் ஆள் அசைஞ்சாலும் இப்படித்தான் விழும். மூணாவத மட்டும் திறக்கறேன், கண்ணுக்குத் தெரியாத இருட்டு மூலையெல்லாம் அதுலதான் தெரியும்... பாருங்க. மனுஷிதான். பொம்பள.

— அங்க ஏது பொம்பள? நான் கேட்டாண்டயே தானே... இல்ல, லாரி வந்தா கேமரா அதிரும்னு நீ சொல்ல, தெருமுனைக்குப் போய் லாரிய நிறுத்திகினு இருந்தேன்.

— அப்ப உள்ள வந்திருக்கலாம். அக்கா வந்தாங்களான்னு வீட்ல கேட்டீங்களா?

— என் பொஞ்சாதி அம்மணியா? வூடு பூட்டிக்கீது. நேத்து காலைல எங்களுக்குள்ள பேஜாரு. இனிமே ஒனக்குச் சோறு கெடையாதுன்னுட்டா. கூடுவாஞ்சேரில அம்மா வூட்டுக்குப் போயிருப்பா.

— இவங்க கைல என்னமோ இருக்கு. பெருசாக்கறேன்... டிபன் கேரியர். உடைஞ்ச பிடி மேல செவப்பு ஒயர் சுத்தி...

— அத்த சுத்துனது நான்தான் சார், எங்க வூட்டு கேரியரு. வண்டிய எடு, வண்டிய எடு! கம்பெனிக் கதவு சாவி என் இடுப்புலயே கீது.