பிரியந்தியின் நாற்பத்தைந்து நாட்கள்

என் பிரெஞ்சு நன்றாக இருக்கிறது என்று சற்று முன் சொன்னீர்கள். நன்றி, மெடம். இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருடமாகியும் எங்கள் ஆட்களில் பலர் இன்னும் பொன்ஜூர், மெர்சியோடு நிற்கிறார்கள். நான் மாலை வகுப்புக்குப் போய்ப் படித்தேன். அதனால் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் மாதா கோவிலின் கீழ் மண்டபத்தில் எனக்கென்று ஒரு மேசை. அரசாங்கக் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம், வீட்டுக்காரன் அனுப்பும் கடிதம் எல்லாம் அங்கே வரும். வாசித்துச் சொல்வேன், படிவம் நிரப்புவேன், தபாலிலும் நானே போடுவேன். அதற்காக யாரிடமும் ஒரு தேநீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. பெருமையாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

மற்ற நாட்களில் நான் செயின்ட்-மிஷேலில் பேரின்பநாதனின் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். றோல்ஸ், பற்றிஸ் என்று எங்கள் ஊர்ச் சிற்றுண்டிகள் செய்து, உறைய வைத்துக் கடைகளுக்கு அனுப்புகிறோம். பதினான்கு பெண்கள் வேலை செய்தார்கள். பிரியந்தி அவர்களில் ஒருத்தி, மன்னார்ப் பிள்ளை. நான்கு வருடத்தில் ஒரு நாளும் பிந்தி வந்ததில்லை. அவள் வேலையில் நான் குறை கண்டதில்லை, அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

மாசி மாதம் அவள் மருத்துவரின் கடிதத்தோடு வந்தாள். மூன்று மாதக் கர்ப்பம். முன்பு ஒன்று கலைந்திருப்பதால் குளிர் அறையில் நிற்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, இருந்து செய்யும் வேலை கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அதே கிழமை சாருஜா என்ற இன்னொரு பெண்ணும் அப்படியே ஒரு கடிதம் கொண்டுவந்தாள்.

முதலாளி தலையில் கை வைத்துவிட்டார்.

“கிறிஸ்தோப்பர், ஒராளெண்டால் சமாளிக்கலாம். ரெண்டு பேரும் கதிரையிலை இருந்தால் ஆர் பெட்டி தூக்கிறது? நியூ ஜேர்சியிலை என்ரை மச்சான் நினைச்ச நாள் ஆளை அனுப்புறான். காரணமே சொல்லத் தேவையில்லையாம்.”

“இஞ்சை அப்பிடிச் செய்யேலாது அண்ணை,” என்றேன்.

விளக்கமாகவே சொன்னேன். இங்கே இரண்டு வருடம் வேலை செய்தவரைத் தகுந்த காரணம் இல்லாமல் நிறுத்த முடியாது. கர்ப்பம் என்பதற்காக நேற்று வந்தவளைக்கூட நிறுத்த முடியாது. உங்கள் தொழிலாளர் அலுவலகத்துக்கு முறைப்பாடு போனால் வேறு காரணம் இருந்தது என்று முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். முறைப்பாடு செய்ய நாற்பத்தைந்து நாள் இருக்கிறது. அந்த நாற்பத்தைந்து நாளை அவருக்குச் சொன்னது நான்தான். இருவரில் யாரை நிறுத்தலாம் என்று அவர் ஒரு பெயர் கேட்டார். பிரியந்தியின் பெயரைக் கொடுத்தேன். வேலை குறைவு, அதனால் நிறுத்துகிறோம் என்று கடிதத்தையும் நானே எழுதினேன். கையெழுத்து அவருடையது.

ஞாயிற்றுக்கிழமை அதே கடிதம் என் மேசைக்கு வந்தது.

“அண்ணை, வேலை இல்லையெண்டு நிப்பாட்டிப்போட்டு புதுசா ரெண்டு பேரை எடுத்திருக்கினமாம். இது சரியே?”

“சரியில்லை,” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

முறைப்பாடு செய்தால் வேலையைத் திரும்பக் கேட்கலாம் என்றேன். படிவத்தை அவள் முன்னாலேயே நிரப்பினேன். அதில் ஒரு பிழை கிடையாது. முதலாளி செய்ததற்குக் கிறிஸ்தோப்பர் அண்ணை என்ன செய்வார், பாவம், என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

“நீங்கள் இருக்கிறபடியால் எனக்குப் பயமில்லை அண்ணை,” என்று சொல்லிக் கையெழுத்து வைத்தாள்.

படிவத்தைக் காரில் வைத்தேன். கிழித்துப் போடவில்லை, அப்படிப்பட்டவன் நான் அல்ல. ஒவ்வொரு ஞாயிறும் பதில் வந்ததா என்று கேட்பாள். அரசாங்க அலுவல், மெல்லத்தான் நடக்கும் என்பேன். நாற்பத்தைந்தாம் நாள் கடந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

அதற்குள் அவள் லொங்குய்யில் ஒரு அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். கணவன் றூபன் இந்த நாட்டுக்கு வந்து ஒரு வருடமாகவில்லை, அவனுக்கு நிலையான வேலை இல்லை. தண்ணீர் வாளிகளை மாடிக்கு மாடி தூக்க வேண்டும் என்று அவளே சொன்னாள். கவனமாக இரு பிள்ளை என்றேன்.

ஆறாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. றூபன் எனக்குத்தான் தொலைபேசி எடுத்தான். ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருத்துவர் சொன்னதை அவளுக்குத் தமிழில் சொன்னதும் நான்தான். மெதுவாக, நல்ல சொற்களாகப் பார்த்துச் சொன்னேன். பாரம் ஏதும் தூக்கினாளா என்று மருத்துவர் கேட்டார். இல்லை, வீட்டில்தான் இருந்தாள் என்று நானே பதில் சொன்னேன். என்ன கேட்கிறார் என்று அறிய அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மிகவும் கவலையாக இருந்தது. அன்று வீட்டுக்குப் போயும் சாப்பிட முடியவில்லை.

பிறகு றூபன் தன் அரைகுறை ஆங்கிலத்தில் உங்கள் அலுவலகத்துக்கு எடுத்து விசாரித்திருக்கிறான். அப்படி ஒரு முறைப்பாடே வரவில்லை என்றீர்களாம். நீங்கள் கேட்டதும் காரிலிருந்து நானே எடுத்துத் தந்த அந்தப் படிவம் இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது. பிரியந்தி பூசைக்கு வருவதில்லை, யாரோடும் கதைப்பதும் இல்லை என்கிறார்கள். இனி வேலையைத் திரும்பக் கொடுத்தாலும் அவள் வரமாட்டாள்.

இருவரில் ஏன் அவள் என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். கோபமா, ஏதும் பழைய பகையா என்கிறீர்கள். ஒன்றுமே இல்லை, மெடம். சாருஜாவின் தம்பி மிதுசன் இங்கேயே பிறந்து பிரெஞ்சில் படித்தவன். கடிதத்தை வாசித்து அன்றைக்கே உங்களுக்கு முறைப்பாடு அனுப்பியிருப்பான். பிரியந்தி என்றால் என்னிடம்தான் கொண்டுவருவாள்.