உச்சத்தில் உடையாத குரல்

இவ்வூர்க் கடைகளில் மோர் கேட்டால் சர்க்கரையும் சீரகமும் இட்டுத் தருகிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் புனேயில் வாழ்ந்தும் எனக்கு அது பழகவில்லை. ஆகையால் ஔந்த் பகுதியிலுள்ள என் வீட்டிலிருந்து, இஞ்சி தட்டி, பெருங்காயம் தூக்கலாகப் போட்ட நீர்மோரைக் குடுவையில் எடுத்துக்கொண்டுதான் அலுவலகம் செல்வேன். என் குழுவில் சேர்ந்த பார்கவி கோயமுத்தூர்ப் பெண். அம்மோரை ஒரு நாள் குடித்துவிட்டு மறுநாளும் தம்ளரோடு வந்து நின்றாள். நாள்தோறும் அவளுக்கு ஒரு தம்ளர் கொடுப்பது அவ்வாறுதான் வழக்கமாயிற்று.

ஆய்வாளர் ஐயா, என் வாக்குமூலத்தைத் தமிழில் எழுத இசைந்தமைக்கு நன்றி. பட்டாபிராமனாகிய நான் என் தொழிலைப் பற்றிச் சிறிது சொன்னால்தான் மற்றவை விளங்கும்.

கைப்பேசி அனுப்பும் சமிக்ஞையை வலுவாக்கும் பெருக்கியைச் சிறு சிலிக்கன் சில்லுக்குள் அமைப்பது என் பணி. விநாயகர் ஊர்வலத்தில் ஒலிபெருக்கியை முழுதாகத் திருகிவிட்டால் பாட்டுக் கரகரப்பதைத் தாங்கள் காவல் நின்று கேட்டிருப்பீர்கள். என் பெருக்கியும் உச்சத்தில் அப்படித்தான் சிதைந்தது. அதைத் தவிர்க்க, சமிக்ஞை வருமுன்னரே டிரான்சிஸ்டரில் சிறிது மின்னோட்டத்தை ஓடவிட்டு அதனை ஆயத்தமாக வைப்போம். அதற்குப் பயாஸ் என்று பெயர். பயாஸைக் கூட்டினால் பேட்டரி விரைவில் தீரும், சில்லும் சூடேறும். குறைத்தால் சிதைவு திரும்பிவிடும். இவ்விரண்டுக்கும் இடையில் ஏழு ஆண்டுகள் அல்லாடினேன். ஒவ்வொரு முறை சில்லு தயாராகி வந்தபோதும் சோதனைத் திரையில் அதே சிதைவைக் கண்டு, வெளியே சென்று படிக்கட்டில் உட்கார்ந்திருப்பேன்.

பார்கவி வந்த சில வாரங்களில், எல்லோரும் கூடியிருந்த அறையில் என் வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏனுங்க சார், வேலை இருக்கறப்பவும் சும்மா இருக்கறப்பவும் அதுக்கு ஒரே அளவு சோறுதானுங்களா? பாவம், அது எப்படிங்க உச்சத்துல பாடும்?"

தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். இயக்குநர் சுஷ்மா அம்மையார் அருகிலிருந்தவரிடம் பொருள் கேட்டறிந்து, சற்றுத் தாமதமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்றும் என் காதில் இருக்கிறது.

சமிக்ஞையின் வலுவைக் கணந்தோறும் அளந்து, அது ஓங்கும்போது பயாஸைக் கூட்டி, அடங்கும்போது குறைக்கும் சிறு சுற்று ஒன்றைப் பார்கவி பலகையில் வரைந்தாள். அது சரியாக இருந்தது. சரியென்று முதலில் ஒப்புக்கொண்டவனும் நானே. ஆகவே பொறாமை என்று தாங்கள் குறித்துக்கொண்டால் பிழையாகும்.

என் கவலை அவள் பேச்சைப் பற்றியது. உற்சாகம் மிகுந்தால் விரைந்து பேசுவாள். வாடிக்கையாளர் கேள்வியை முடிப்பதற்குள் விடை சொல்வாள். இத்தனை திறமை இப்படிச் சிதையலாகாது என்று எனக்குத் தோன்றிற்று. என் மனைவி சரசாவுக்கு உறக்கத்திற்காக மருத்துவர் எழுதிய மாத்திரைகளை அவள் இடையிலேயே நிறுத்திவிட்டாள். அவை அலமாரியில் வீணாகக் கிடந்தன. எடுத்துவந்து என் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன். முதன்முறை பாதி மாத்திரையைத்தான் பொடித்துப் பார்கவியின் மோரில் கலந்தேன். பெருங்காயம் கசப்பை மறைத்துவிட்டது.

அன்றைய கூட்டத்தில் அவள் நிதானமாகப் பேசினாள். ஓரிடத்தில் சொல் கிடைக்காமல் நின்றாள், நான் எடுத்துக்கொடுத்தேன். அடுத்த கூட்டத்தில் நெடுநேரம் நின்றாள், நெடுநேரம் நான் பேசினேன். பிறகு வாடிக்கையாளர்கள் என்னையே கேட்கத் தொடங்கினார்கள். பெரிய கூட்டமாயின் அளவைக் கூட்டுவேன், சாதாரண நாளில் குறைப்பேன். இம்முறையை அவளிடமிருந்தே கற்றேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஒரு பிற்பகல் என் இருக்கைக்கு வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"சார், கேள்வி காதுல உழுகுதுங்க. பதிலும் தெரியுது. வாய்க்கு வர்றதுக்குள்ள எங்கியோ போயிருது. எனக்கு மூளையில என்னமோ ஆயிருச்சுங்க."

"வெயில்தாம்மா. இதைக் குடி" என்றேன். குடித்தாள்.

தன்னால் இனி இயலாது என்று அவளே சுஷ்மா அம்மையாரிடம் சொல்லி, சுற்று முழுவதையும் என் பொறுப்பில் ஒப்படைத்தாள். கணினிச் சோதனையில் உச்சத்திலும் சிதைவு தென்படவில்லை. அறிக்கையில் என் பெயர் இடம்பெற்றது. ஏழு ஆண்டுகளில் அன்றுதான் நன்றாக உறங்கினேன்.

அத்துடன் நிறுத்தியிருக்கலாமே என்று நேற்றுத் தாங்கள் கேட்டீர்கள். உண்மையில் நிறுத்தவே எண்ணியிருந்தேன். ஆனால் சென்ற வியாழக்கிழமை மாலை, வீட்டுக்குக் கிளம்பும்போது, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி அவள் என்னிடம் வந்தாள். நெடுநாளைக்குப் பின் அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"வாகட் ஏரியால ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேனுங்க சார். உனக்கு யாராச்சும் மாத்திரை ஏதாச்சும் குடுக்கறாங்களான்னு கேக்கறாங்க. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. எனக்கு யாருங்க குடுக்கப் போறாங்க? நாளைக்குக் காலைல ரத்தம் எடுக்கறாங்க. ஒண்ணும் இல்லேன்னு வந்துட்டா அடுத்த கூட்டத்துல நானே பேசறேனுங்க. சரிங்களா?"

சரியென்றேன். உட்காரச் சொல்லி, குடுவையில் எஞ்சியிருந்த மோரை எடுத்துவர உள்ளே சென்றேன்.

அந்த லாரி ஓட்டுநரைத் தாங்கள் விட்டுவிடலாம். அவள்தான் ஸ்கூட்டரோடு சாய்ந்து அவருடைய சக்கரத்தின் கீழ்ச் சென்றாள். அவள் இறந்ததில் அவருக்குப் பங்கில்லை. இரத்தப் பரிசோதனைக்கு அஞ்சி நான் அவ்வாறு செய்ததாகத் தாங்கள் எழுதியிருப்பதையும் திருத்திவிட வேண்டுகிறேன். சிரித்தாளாயினும் ஹெல்மெட்டைப் பிடித்திருந்த அவள் விரல்கள் நடுங்குவதை நான் பார்த்தேன். பரிசோதனையில் என்ன வருமோ என்று அந்தப் பெண் பயந்திருந்தாள். பயத்தோடு வண்டி ஓட்டுவது ஆபத்து. அதனால்தான் இழுப்பறையில் மிஞ்சியிருந்த மாத்திரைகள் அனைத்தையும் அன்று கரைத்துக் கொடுத்தேன்.