காசி சொன்ன சாட்சி

— உன் கேம்ல குத்தவாளியே இல்லியா சுஹைப்? மூணு வாட்டி ஆடிட்டேன். யார புடிச்சிக் குடுத்தாலும் ‘ஆதாரம் போதாது’ன்னு வந்து நிக்குது.

— அதான் முடிவு, வினிதா.

— இன்னா சொல்றேன்னா, துப்பறியுற கேம் ஆடறவன் கடசில ஒரு பேரு கேப்பான். இல்லாங்காட்டி திட்டுவான்.

— எனக்கே தெரியாத பேர நான் எப்படி வைக்கறது? எங்க சைஃபுல்லா அண்ணன் கடலோரப் பாறையாண்ட செத்துக் கெடந்தாரு. வழுக்கி வுழுந்தாருன்னு கேஸ மூடிட்டாங்க. தெனமும் அந்தப் பாறையில உக்காந்து டீ குடிக்கறவரு வழுக்குவாரா? அவரோட பழகுன எல்லாரையும் போயி கேட்டேன். பேர மட்டும் மாத்திட்டு, அவங்க சொன்னத அப்படியே கேம்ல போட்டேன். ஆடறவங்கள்ல ஒருத்தராவது கண்டுபுடிக்க மாட்டாங்களான்னுதான்... இருங்கண்ணா, உங்க ஃபோனுக்கு டெம்பர் கிளாஸ் தோ ஒட்டித் தர்றேன். நீ சொல்லு வினிதா. நாளைக்கி ரிலீஸ். ஒளிக்காம சொல்லணும், சரிதானே?

— நல்லத மொதல்ல சொல்றேன், கேளு. செத்தவரோட அம்மா கீதுல்ல, எத்தினி வாட்டி கதவ தட்டுனாலும் ‘சாப்ட்டியா தம்பி’ன்னு கேட்டுட்டுதான் பதில் சொல்லுது. அங்க அழுதுட்டேன்.

— எங்கம்மா அப்படித்தான். போலீஸ்காரங்களையும் அதான் கேட்டாங்க.

— அப்பறம் சத்தம். சாயங்காலம் பாறையாண்ட போவசொல்ல தூரத்துல சாவு மோளம் கேக்குது பாரு. ஒடம்பு சிலுத்துக்கிச்சி.

— அன்னிக்கி அண்ணன தேடிகினு போனப்ப உங்க குப்பத்துலேர்ந்து கேட்டுது. இன்னும் காதுல கேக்குது.

— அங்கதான் ஒரு தப்பு கீது.

— எங்க?

— உன் கேம்ல வர்றானே, அந்தக் காசி. ‘அன்னிக்கி பூரா நான் வலையோட கடல்ல இருந்தேன், எனக்கு இன்னா தெரியும்’ன்றான். மோளம் அடிக்கசொல்ல எவன் கடலுக்குப் போவான்? குப்பத்துல சாவு வுழுந்தா, பொணத்த எடுக்கற வரிக்கும் ஒரு படகு எறங்காது. மீறுனா பஞ்சாயத்துல நிக்க வெச்சிருவாங்க. எங்க ஆளுங்க ஆடுனா சிரிப்பாங்க.

— இது எனக்குத் தெரியாதே. நாங்க கடைத்தெருக்காரங்க.

— அதுக்கு இன்னா இப்போ. மோளத்த எடுத்துடு, இல்ல காசிய வேற எங்கியாவது அனுப்பு. ரெண்டும் ஒண்ணா நிக்காது.

— மோளத்த என் காதால கேட்டேன் வினிதா.

— அப்போ காசி பொய் சொல்றான்.

— காசி பேச்சும் நான் எழுதுனது இல்ல. ஒருத்தர் சொன்னதுதான்.

— யாரு?

— வேணாம், விடு.

— சொல்லு சுஹைப்.

— அண்ணனுக்கு உசுருக்கு உசுரான கூட்டாளி. மையித்து தூக்கசொல்ல என் பக்கத்துலயே நின்னு அழுதவரு. அவர சந்தேகப்பட எனக்கு மனசு வருமா?

— யாருன்னு கேக்கறேன்.

— உங்க அண்ணன். எழில். நீ எதுவும் நெனைக்காத வினிதா. நாள் மறந்து மாத்திச் சொல்லியிருப்பாரு. காசி பேச்ச இப்பவே அழிச்சிடறேன்.

— அன்னிக்கி செத்தது எங்க பெரியப்பா. பாடைக்குத் தோள் குடுக்க அண்ணன குப்பமே தேடுச்சி. சிங்கப்பெருமாள் கோயில் ஊர்ல கம்பெனி வேல கேக்கப் போயிருந்தேன்னு எங்களாண்ட சொன்னான். கடலுக்குப் போனேன்னு உன்னாண்ட மட்டுந்தான் சொல்லிகிறான், எங்க குப்பத்து வழக்கம் உனக்குத் தெரியாதுன்னு. காசி பேச்சுல ஒரு எழுத்து மாத்தாத.