பின்படியில் கிடந்த செருப்பு

அரிசி அடுக்கியிருக்கும் களஞ்சியத்துக்குள் எங்கள் பக்கத்தில் யாரும் செருப்போடு போவதில்லை. நீங்களும் சொல்லாமலே கழற்றினீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. சந்தோஷம்.

கண்டாவளையிலிருந்து கனடாவுக்கு மொட்டைக்கறுப்பன் அரிசி அனுப்புவது லேசான வேலை இல்லை. போன தடவை அங்கே துறைமுகத்தில் நாலு வண்டு கண்டார்கள். முழுவதையும் அழித்துவிட்டார்கள். ரொறன்ரோவில் எங்கள் அரிசியை எடுக்கும் சுதாகரன் கோபிக்கவில்லை. “அண்ணை, இன்னொருக்கா வண்டு கண்டால் நான் வேற இடம் பாக்கிறன்” என்று மட்டும் சொன்னார். என் ஆலையை நம்பிப் பதினொரு பெண்கள் இருக்கிறார்கள். அவர்களைத்தான் நினைத்தேன்.

ஆகவே இம்முறை ஒழுங்காகச் செய்தேன். செவ்வாய் மத்தியானம் வவுனியாவிலிருந்து வண்டு மருந்து வைப்பவர் வந்தார். பின்கதவைப் பூட்டி, இடுக்குகளை உள்ளிருந்தே ஒட்டி, விஷவாயு விடும் குளிசைகளை வைத்து, முன்கதவைப் பூட்டி முத்திரையிட்டார். ஞாயிறுவரை திறக்கக் கூடாது. இடையில் முத்திரை உடைந்தால் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் இல்லாவிட்டால் திங்கட்கிழமைக் கப்பல் இல்லை.

“உள்ளுக்கு ஒருத்தரும் இல்லைத்தானே?” என்று கேட்டிருந்தார்.

“ஓம், பாத்தனான்” என்றேன். பார்க்கவில்லை. எல்லாரும் சாப்பிடப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன்.

அவர் போன பிறகுதான் பின்பக்கம் போனேன். படியில் அழகம்மாவின் செருப்பு கிடந்தது. வார் அறுந்த இடத்தில் சிவப்பு நூலால் தைத்திருப்பார். அரிசியில் கல் பொறுக்குகிறவர், காலையிலேயே காய்ச்சல் என்றார். மூட்டைகளுக்குப் பின்னால் படுத்திருக்க வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கதவைத் தட்டினார். பலமாக இல்லை. முன்கதவைத் திறக்க ஒரு நிமிடம் போதும். திறந்தால் பதினொரு பேருக்கும் வேலை போய்விடும். ஒருவருக்காகப் பத்துப் பேரை எப்படிக் கைவிடுவது? மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார்கள். ஆலை மெசினை ஓடவிட்டேன். அதன் சத்தத்தில் வேறு எதுவும் கேட்காது.

பின்னேரம் அவருடைய மகள் சுமித்திரா வந்தாள். “அம்மா இன்னும் வரேல்லை ஐயா, கண்டனீங்களோ?”

“வெள்ளனவே வீட்டுக்கு வெளிக்கிட்டிட்டா, பிள்ளை.”

பாவமாக இருந்தது. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். அடுத்த நாலு நாளும் வந்தாள்.

ஞாயிறு முத்திரையை உடைத்தபோது அழகம்மா கதவடியில் கிடந்தார். அரிசியை நீங்கள் தடுத்து வைத்திருக்கிறீர்கள். பரிசோதித்துப் பாருங்கள், ஒரு வண்டுகூட இல்லை.

என் வாக்குமூலமாக நீங்கள் எழுதியதில் ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். செருப்பை நான் ஒளிக்கவில்லை. வெயிலில் வெடித்துவிடும் என்றுதான் எடுத்து என் அலுமாரிக்குள் வைத்தேன்.