களவில்லாத ஊருக்கு ஒரு காவலரண்

நீங்கள் இருக்கிற கதிரையின் பின்கால் ஒன்று கொஞ்சம் ஆடும், சேர். சுவர்ப் பக்கமாகச் சாய்ந்து இருந்தால் ஒன்றும் செய்யாது. உங்களுக்கு முன்னால் இங்கே வேலை பார்த்த நாலு பொலிஸ் பிள்ளைகளும் அப்படித்தான் இருப்பார்கள். கதிரை என்னுடையது. மேசையும் இந்த முன் அறையும் என்னுடையவைதான். பொலிஸ் காவலரணுக்கு இடம் இல்லை என்றார்கள், நான் கொடுத்தேன், வாடகைகூடக் கேட்கவில்லை. என் வீட்டிலேயே வைத்து என்னை விசாரிக்கிறீர்கள் என்று நான் குறை நினைக்கவில்லை. இந்த வெயிலில் உங்கள் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறிப் போவதைவிட இது எவ்வளவோ மேல்.

வாசலில் குந்தியிருக்கிற பெண் இரத்தினசிங்கத்தின் தங்கை என்று எனக்குத் தெரியும். தோப்பூரில் இருந்து வந்திருக்கிறாள். தன் அண்ணன் கள்வன் இல்லை என்று பொலிஸ் வாயால் ஊர் கேட்கச் சொல்லும்வரை செத்த அண்ணனுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்யமாட்டேன் என்கிறாளாம். நியாயமான கேள்விதான். அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. ஆனால் தொடக்கத்தில் இருந்து சொல்ல விடுங்கள். இவ்வளவு காலம் பாலர் பாடசாலையில் படிப்பித்தவள் நான், கதையை நடுவில் இருந்து சொல்ல எனக்கு வராது.

எங்கள் ஊர் கப்பல்துறைக்கும் சீனக்குடாவுக்கும் இடையில் கரையோரமாக ஒதுங்கிக் கிடக்கிறது. எண்ணெய்த் தாங்கிகளுக்குக் காவல் உண்டு. துறைமுகத்துக்குக் காவல் உண்டு. கோட்டைக்குள் மான்கள் புல் மேய்கின்றன, அவற்றுக்குக்கூட வாசலில் ஆமிக்காரர் துவக்கோடு நிற்கிறார்கள். எங்களுக்கு ஒருவரும் இல்லை. என் கணவர் போன பிறகு நான் தனியாக இருக்கிறேன், மகள் கனடாவில். அதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை. நான் ஊருக்காகத்தான் கேட்டேன்.

மாதர் சங்கத் தலைவி என்ற முறையில் பெரிய பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி மரியாதையானவர். கதிரை தந்து, சிரித்துக்கொண்டே சொன்னார்:

"ரீச்சர், உங்கட ஊரில ஒரு களவுகூட இல்லையே. களவில்லாத ஊருக்குக் காவலரண் வேணுமெண்டு நான் எப்பிடி மேல கேக்கிறது?"

பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்தேன். அவர் தரமாட்டேன் என்று சொல்லவில்லை. எது குறைகிறது என்றுதான் சொல்லியிருக்கிறார்.

முதலில் எடுத்தது பக்கத்து வீட்டுப் பாக்கியரத்தினம் அக்காவின் இடியப்பத் தட்டுகளை. அவர் குரங்குகளைத் திட்டிவிட்டு வேறு தட்டுகள் வாங்கிக்கொண்டார். பிறகு இரண்டு கோழிகள். கீரி என்றார்கள். இந்த ஊர்ச் சனத்துக்குக் கள்வனில் நம்பிக்கையே இல்லை, சேர். அதனால் தண்ணீர் மோட்டருக்குப் போக வேண்டியதாயிற்று. மோட்டரைக் கீரி தூக்காது. தள்ளுவண்டியில் வைத்து, மேலே தென்னோலைக் கிடுகு போட்டு மூடி, பட்டப்பகலில்தான் கொண்டு வந்தேன். தோணிக்காரர் தவராசா எதிரே வந்தார். "வயசுபோன நேரத்தில இதெல்லாம் நீங்கள் தள்ளுறதே, ரீச்சர்? விடுங்கோ" என்று மேடு ஏறும்வரை தள்ளியும் விட்டார். அது அவருடைய மோட்டர்.

எல்லாம் பின்வளவுப் பாழ்கிணற்றில் பத்திரமாக இருக்கிறது. ஒன்றையும் நான் விற்கவில்லை. கோழிகள் மட்டும் அவ்வளவு காலம் இருக்காது.

களவு கொடுத்தவர்களை முறைப்பாடு செய்யக் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான். "ரீச்சர் இல்லாட்டி எங்களுக்கு ஆர்" என்று பாக்கியரத்தினம் அக்கா பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அந்த வார்த்தை எனக்கு நிறைவாக இருந்தது.

பிறகு அந்த நாலு பிள்ளைகளும் வந்தார்கள். நல்ல பிள்ளைகள். என்னைச் சிங்களத்தில் "அம்மே" என்பார்கள். அவர்களுக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் என் குசினியில் பழகியது: பிட்டு, சம்பல், சொதி, இன்னும் கொஞ்சம். பின்னேரம் கரம் போர்ட் அடிப்பார்கள். காய் போர்டில் மோதும் சத்தம் உள் அறைவரை கேட்கும். அந்தச் சத்தத்தில் எனக்கு நல்ல நித்திரை வந்தது. ஊரின் பாதுகாப்பு எப்படி உயர்ந்துவிட்டது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அவர்கள் வந்த பிறகு களவு நின்றுவிட்டது. இயல்புதானே, நான் நிறுத்திவிட்டேன். ஆனால் களவு இல்லாவிட்டால் நாலு பேர் எதற்கு, இரண்டு பேரை நகரத்துக்கு எடுப்போம் என்று கதை வந்தது. மறுபடி கொஞ்சம் தொடங்கினேன். அளவோடுதான். கறிக்கு உப்புப் போடுகிற மாதிரி.

அதிலும் ஒரு வில்லங்கம் வந்தது. ஊர்க்கூட்டத்தில் தவராசா எழும்பி, "நாலு பேரை வச்சுக் கரம் அடிக்கிறதுக்கு, வேலை தெரிஞ்ச ஓராளைத் தாங்கோ, போதும்" என்றார். சனம் சிரித்தது. நான் எழும்பினேன். "ஓராள் தெற்கால போனா வடக்கால ஆர் பாக்கிறது?" என்று கேட்டேன். கைதட்டினார்கள். ஆனால் வந்திருந்த பொலிஸ் பெரியவர்களுக்குத் தவராசாவின் கதைதான் பிடித்திருக்கிறது என்று அவர்களுடைய முகத்திலேயே தெரிந்தது. ஆட்களைக் கூட்டுவதைவிடக் குறைப்பது யாருக்கும் சுகம்.

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பொலிஸ் வருவதற்குக் களவு தேவை. வந்த பொலிஸ் நிலைப்பதற்கு ஒரு கள்வன் தேவை.

இரத்தினசிங்கத்தை நான் யோசிக்காமல் எடுக்கவில்லை. கரையில் தோணிகளுக்குப் பைபர் ஒட்டுகிறவர். யாரோடும் பெரிதாகக் கதைக்கமாட்டார். ஒரு கொட்டிலில் தனியே இருந்தார், மனைவி பிள்ளை இல்லை. குடும்பக்காரன் ஒருவனை எடுத்திருந்தால் எத்தனை பேர் அழவேண்டி வந்திருக்கும்? தோப்பூரில் தங்கை இருப்பது எனக்குத் தெரியாது. அவர் சொன்னதே இல்லை.

பாக்கியரத்தினம் அக்கா கோவிலுக்குப் போயிருந்த காலையில் அவருடைய தாய்வீட்டுக் குத்துவிளக்கை எடுத்தேன். இரத்தினசிங்கம் கரையில் வேலையாக நின்றார். அவருடைய கொட்டிலுக்குப் பூட்டு இல்லை. கட்டிலுக்குக் கீழே வைத்தது நான். பிறகு வீட்டுக்கு வந்து, பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு அக்காவுக்கு ஆறுதல் சொல்லப் போனேன். விளக்கு போன பிறகு அவரைச் சுற்றி ஆட்கள் கூடினார்கள். "இரத்தினசிங்கத்தார் காலமை இந்தப் பக்கம் போனவர் போல" என்று சொன்னேன். "போல" என்றுதான் சொன்னேன், சேர். அந்தச் சொல்லை யாரும் கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் வசனத்தை முடிக்கும்வரை பொறுக்கமாட்டார்கள், பாலர் வகுப்பில் இருந்தே அப்படித்தான்.

சனம் கொட்டிலில் விளக்கைக் கண்டெடுத்துக் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். பிள்ளைகள் நாலு பேரும் இந்த மேசையில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கணவாய்க் கறி. தவராசா ஓடி வந்தார், மூச்சு வாங்கியது. "ரீச்சர், பொலிசை உடனே வரச் சொல்லுங்கோ. கட்டிவச்சு அடிக்கிறாங்கள். செத்துப்போவான்" என்றார். "ஓம், நீங்கள் போங்கோ, வருவினம்" என்று அவரை வாசலோடு அனுப்பிவிட்டு உள்ளே வந்தேன். ஆளுக்கு இன்னொரு அகப்பை கறி போட்டேன்.

கொடூரமாக நினைக்காதீர்கள். கொஞ்சம் அடி விழுந்த பிறகு பொலிஸ் போய்க் காப்பாற்றினால்தான் பொலிஸின் அருமை சனத்துக்கு விளங்கும். நான் நினைத்தது கொஞ்சம் அடி. ஆனால் அடிப்பவர்களிடம் அகப்பை இல்லையே, அளந்து போட. கூச்சல் இங்குவரை கேட்ட பிறகுதான் பிள்ளைகள் கையைக்கூடக் கழுவாமல் ஓடினார்கள். இரத்தினசிங்கம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டார்.

செத்தவீட்டுக்கு ஊரில் யாரும் போகவில்லை. கள்வன் வீடு என்றார்கள். நான் போனேன். அடுத்த கூட்டத்திலும் பேசினேன்: சனம் சட்டத்தைக் கையில் எடுப்பது பொலிஸ் போதாது என்பதற்கு அடையாளம், ஐந்தாவது ஆள் ஒருவரைத் தரவேண்டும் என்று. இந்த முறையும் நல்ல கைதட்டல்.

பெரியவர்களோ நாலு பேரையும் எடுத்துவிட்டு உங்களை அனுப்பினார்கள். தனி ஆள், ஒரு மோட்டார் சைக்கிள், நல்ல தமிழ். உங்கள் ஊர்க் கிண்ணியாக்காரர் பேச்சில் கெட்டிக்காரர் என்று தெரிந்தும் நான் கவலைப்படவில்லை. நீங்கள் ஒருவரையும் அதட்டவில்லை. வீடு வீடாகப் போய்த் தேத்தண்ணி குடித்தீர்கள். பாக்கியரத்தினம் அக்காவிடமும் போனீர்கள். அவர் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து சொன்னது எனக்கும் கேட்டது.

"அண்டைக்குக் கோயிலால வந்து செருப்புக்கூடக் கழட்டேல்லை. ரீச்சர் பிளாஸ்கோட வந்து நிக்கிறா. கவலைப்படாதேங்கோ அக்கா, எப்பிடியும் கிடைக்கும் எண்டவ. என்னத்துக்குக் கவலைப்படுறது எண்டு கேட்டனான். பிறகு உள்ளுக்குப் போய்ப் பாத்தால் விளக்கைக் காணேல்லை. நல்ல மனுசி, பாவம், முதலே வந்திட்டா."

அந்த இடத்தில் நீங்கள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்த சத்தமும் எனக்குக் கேட்டது.

ஆறுதல் சொல்வதில் நான் எப்போதும் கொஞ்சம் முந்தித்தான் போவேன். அது குறையா, சேர்? நாலு பேர் கணவாய்க் கறியோடு கண்டுபிடிக்காததை நீங்கள் வெறும் தேத்தண்ணியில் கண்டுபிடித்தீர்கள். தவராசாவிடம் சொல்லுங்கள், சந்தோசப்படுவார். கெட்டிக்காரன் ஒருவன் போதும் என்ற வாதத்தில் அவர் வென்றுவிட்டார்.

எழுதிக்கொள்ளுங்கள். இரத்தினசிங்கம் கள்வன் இல்லை. ஒரு இடியப்பத் தட்டைக்கூட அவர் தொடவில்லை. எல்லாவற்றையும் எடுத்தது நான். விளக்கை வைத்ததும், பொலிஸைச் சாப்பாட்டில் மறித்ததும் நான். அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிட்டு நீங்களே சொல்லுங்கள். ஊரையும் கூப்பிட்டுச் சொல்லுங்கள், கேட்பார்கள். அவளுக்கு நானே சொல்லலாம், ஆனால் ஆட்கள் அழுகிறதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு ஏலாது.

நான் வருகிறேன். செருப்பை மட்டும் போட்டுக்கொள்கிறேன். ஆனால் போகிற இடத்தில் பெரியவர்களிடம் ஒன்றைச் சொல்லிவையுங்கள். என்னைக் கொண்டுபோன பிறகு இந்த ஊரில் களவே இருக்காது. களவில்லாத ஊருக்குக் காவலரண் எதற்கு என்று உங்களையும் எடுத்துவிடுவார்கள். பிறகு இந்தச் சனத்துக்குக் காவல் யார், சேர்?