பதினோரு வருஷம் பாஸ்

திருமூர்த்தி சார், மூன்று நாளும் டீ சூடாக வந்ததா என்று முதலில் சொல்லுங்கள். அதுவும் என் பொறுப்பில்தான் இருந்தது.

உங்கள் கல்லூரியில் மின்வெட்டு, எங்கள் பனியன் கம்பெனியில் ஜெனரேட்டர். அதனால்தான் 2009 பங்குனியில் உங்கள் ஹேக்கத்தான் போட்டி எங்கள் மேல்மாடிக்கு வந்தது. அடுத்த நூறு வருஷத்தில் எந்த ஊர் எவ்வளவு சுடும் என்று பெரிய கம்ப்யூட்டர் போட்ட கணக்கை, இளம் ஆராய்ச்சியாளர்கள் கூடி உட்கார்ந்து குடைவார்கள் என்றீர்கள். நான் ராசப்பன், இருபத்திரண்டு வருஷமாகச் செக்கிங் மாஸ்டர். அளவு என்று ஒன்று கண்ணில் பட்டால் சும்மா இருக்க வராது.

போட்டியில் ஊத்துக்குளிக் கணக்கை எடுத்திருந்த குன்னத்தூர் தேஜஸ்ரீ நல்ல பெண். ஜெயித்தால் புனேயில் ஆராய்ச்சி வேலை, தோற்றால் வைகாசியில் கல்யாணம் என்று அவள் அப்பா சொல்லியிருந்தாராம்.

இரண்டாம் நாள் மதியம் சாப்பிடப் போகும்போது தன் கம்ப்யூட்டரைக் காட்டி, "ஏனுங்ணா, இதை யாரும் தொட்டறக் கூடாதுங்க" என்றாள்.

"ஊத்துக்குளிக் கணக்கு எப்படி கண்ணு?"

"வருஷா வருஷம் ஏறுதுங்ணா. ஒண்ணுக்கொண்ணு சேரவே மாட்டேங்குது."

நான் யாரையும் தொட விடவில்லை.

எங்கள் தொழிலில் சரக்கு வாங்கும் பையர் ஒப்புக்கொண்ட சாம்பிள் பனியன் ஒன்று இருக்கும். மற்றவை அதிலிருந்து அரை அங்குலம் கூடலாம், குறையலாம். மீறினால் ரிஜெக்ட். அவள் கம்ப்யூட்டர் முன்னால் நானே உட்கார்ந்து முதல் வருஷத்தைச் சாம்பிளாக வைத்தேன். அரை டிகிரி வரை விட்டுக்கொடுத்தேன். நூறில் பதினோரு வருஷம் பாஸ். மிச்சத்தை அழித்தேன்.

ரிஜெக்ட் பனியனைக் கத்தரியால் குறுக்கே வெட்டிவிடுவது வழக்கம். தப்பித் தவறிப் பெட்டிக்குள் போய்விடக் கூடாதில்லையா. மூலக்கணக்கு இருந்த சிடி மேஜைமேல் கிடந்தது. வெட்டினேன். அவள் பையில் அதன் நகல் ஒன்று இருந்தது. அதையும் வெட்டினேன். துணி அளவுக்குச் சுலபமில்லை.

அவள் புரோகிராம் ராத்திரி முழுக்க ஓடியது. மறுநாள் மேடையில்தான் படத்தைப் பார்த்தாள். கோடு அயர்ன் மேஜைபோல் நேராக இருந்தது, அதுவும் பாதியில் நின்றுவிட்டது.

"ஏம்மா, 2026க்கு அப்புறம் உலகத்துக்கு லீவா?" என்றார் நடுவர்.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சிடியைத் தேடினாள்.

யார் செய்தது என்று ஜெனரேட்டர் ஆபரேட்டர் கன்னையனைக்கூட விசாரித்தீர்களாம். என்னை மட்டும் கேட்கவில்லை. அதில் கொஞ்சம் வருத்தம்தான். குறையுள்ள சரக்கோடு ஒரு பெண்ணை மேடையேற்ற எனக்கு மனசு வரவில்லை சார். அவ்வளவுதான் விஷயம்.

வைகாசியில் அவிநாசியில் கல்யாணம். வாழ்த்தப் போனேன். மாலையோடு நின்றவள் மெல்லக் கேட்டாள், "அண்ணா, அந்த ரெண்டு சிடியும் கெடச்சுதுங்களா?" இன்னும் தேடுகிறாள், பாவம்.

மாப்பிள்ளைக்கு வியர்த்து ஊற்றியது. வெளியே நாற்பத்திரண்டு டிகிரி என்று பந்தியில் பேசிக்கொண்டார்கள். இருக்காது சார். அந்த மாதிரிச் சூடான பீஸையெல்லாம் நான் அப்போதே ரிஜெக்ட் பண்ணிவிட்டேன்.