ரிலே பெட்டிக்குள் ஊற்றிய பீர்

பெயர்: ஃபோர்த்துனாத்தோ லூப்பா, வயது 71, த/பெ சிரிலோ லூப்பா. தொழிற்பள்ளியில் மின்பாட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தற்போது ஜீப்புகளுக்கு விளக்கும் உறுதியான பாகங்களும் பொருத்துகிறேன். முகவரி: ரயில் நிலையப் பின்தெரு, உயுனி, பொலிவியா. விசாரித்ததில் நான் கூறுவதாவது:

உப்புவெளிக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் குரோவர் கோல்க்கே எனக்கு ஆறு வருடப் பழக்கம். சென்ற திங்கள் முதல் வெள்ளி வரை அவருடைய ஜீப்பில் எஃகு முன்பம்பர், பின்சக்கரங்களுக்குத் தடித்த ஸ்பிரிங் பட்டைகள், கூரை விளக்கு வரிசை, பின்புறம் இரண்டு மஞ்சள் விளக்குகள் ஆகியவற்றைப் பொருத்தினேன். மழைக்காலத்தில் உப்புவெளியில் தண்ணீர் தேங்கி வானமும் தரையும் ஒன்றாகிவிடும். பின்னால் வருபவருக்கு அந்த மஞ்சள் விளக்குகள்தான் அடையாளம். மூன்று முறை எரியவிட்டுப் பார்த்தேன். எரிந்தன.

அதன்பிறகு வெள்ளி மதியம் பட்டறை வாசலில் வழக்கப்படி வண்டிக்குப் பீர் தெளிக்கும் பூசை நடந்தது. குரோவரின் மனைவி நில்தா நான்கு சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் இருக்கைக்கும் பீர் தெளித்து, வண்ணக் காகிதத் துகள் தூவினார். அதன்பிறகு என்னைப் பார்த்து, "என்ன வாத்தியாரே, கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்க? அந்தக் கறுப்புப் பெட்டியையும் தொறங்க. புதுசு எல்லாம் ஒரு வாய் குடிக்கணும். அதுக்கு மட்டும் தாகம் எடுக்காதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அது விளக்குகளுக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலே பெட்டி. ஈரம் படக்கூடாது என்று எனக்குத் தெரியும். இருந்தும் திறந்தேன். அவர் ஊற்றினார். மூடியின் வெளிப்புறத்தை மட்டும் கைக்குட்டையால் துடைத்து மூடினேன். பூசை முடிந்த வண்டியில் அன்று ஸ்பேனர் வைப்பதில்லை என்பதால் மறுபடி சோதிக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, ஆலங்கட்டி மழையில் வழி தெரியாமல் குரோவர் உப்புவெளியில் வண்டியை நிறுத்தி மஞ்சள் விளக்குகளைப் போட்டிருக்கிறார். அவை எரியவில்லை. பின்னால் வந்த ஜீப் மோதி, அதிலிருந்த சமையல்காரப் பெண் எதெல்மிரா யூக்ரா இறந்துபோனார். குரோவரின் வண்டியில் பீர் வாடை அடித்ததால் குடித்துவிட்டு விளக்குப் போடாமல் நிறுத்தினார் என்று அவரைக் காவலில் வைத்துள்ளனர். குடித்திருந்தாரா என்று பார்க்க அன்று அவரிடம் இரத்தம் எடுக்கப்படவில்லை என்று அறிகிறேன்.

அதன்பிறகு ஞாயிறு காலை, பெட்டிக்குள் காய்ந்த பீரைக் காட்டலாம் என்று காவல் நிலையத்துக்கு வந்தேன். வண்டி பளிச்சென்று நின்றது. பெட்டியைத் திறந்தேன். உள்ளே சுத்தமான தண்ணீர். பணியில் இருந்த காவலர், "உப்பு இரும்பைத் தின்னுடுமேன்னு நான்தான் உள்ளயும் வெளியயும் பீய்ச்சிக் கழுவுனேன் வாத்தியாரே. நல்லதுன்னு நெனச்சேன்" என்றார். இந்த ஊரில் உப்போடு வந்த வண்டியை யாரும் கழுவாமல் விடமாட்டார்கள். நானும் கழுவியிருப்பேன்.

பூசையில் குரோவர் குடித்தாரா என்று கேட்டீர்கள். குடித்தார். வழக்கத்துக்காகப் பாட்டில் மூடியில் ஒரு மூடி. அதற்குமேல் நில்தா கொடுக்கவில்லை. நான் அன்று நான்கு மணிக்கு வீட்டுக்குப் போய்விட்டேன். அதன்பிறகு அவர் குடிக்கவில்லை என்று நம்புகிறேன். "நம்புறதெல்லாம் வேணாம், பார்த்ததைச் சொல்லுங்க" என்றீர்கள். அதன்பிறகு நான் எதையும் பார்க்கவில்லை.

மேற்கண்டவற்றை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கின்றன. எதிலும் பொய்யில்லை.

(ஒப்பம்) ஃபோர்த்துனாத்தோ லூப்பா